மனித உரிமை மீறல்களைத் தோண்டியெடுக்கும் ஆவணப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படுகொலை, சித்திரவதை, ஆட்களைக் காணாமல் ஆக்குவது போன்ற கொடுமைகளை விசாரித்து எடுக்கப்பட்ட ஆவணப்படங்களைச் சிறு கூட்டங்களில் பல ஆண்டுகளாகத் திரையிட்டு வருகிறேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் யாரும் பேச மாட்டார்கள். இரண்டு நிமிடம் கழித்து ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்பார். அப்புறம் கேள்விகள் நிற்காது. அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்களில் கொடுமையான விவரங்கள் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

செய்திச் சேனலில் வருவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

முதல் வேறுபாடு நேரம். செய்தியாளர் இரவுச் செய்திக்குள் அனுப்பியாக வேண்டும். இந்தப் படங்களை எடுப்பவர்கள் ஒரே ஊரில், ஒரே குடும்பத்தோடு, சில சமயம் எட்டுப் பத்து ஆண்டுகள் கிடக்கிறார்கள்.

இன்னொன்று, தேடல் எந்தப் பக்கம் போகிறது என்பது. மகனைப் பறிகொடுத்த தாய் அழுவதைக் காட்டினால் மட்டும் அது புலனாய்வு ஆகிவிடாது. அவனை ஏற்றிக்கொண்டு போன வண்டி எந்த முகாமுடையது, அன்றைக்கு அங்கே பொறுப்பில் இருந்தவர் யார், உத்தரவு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால்தான் அது புலனாய்வு.

எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருக்காது. 2022இல் உக்ரைனின் மரியுபோல் நகரம் முற்றுகையில் இருந்தபோது அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் குழு அங்கே தங்கி அன்றாடச் செய்திக்காக எடுத்த காட்சிகள்தான் பின்னர் முழுநீளப் படமாகி 2024இல் ஆஸ்கர் பெற்றன.

ஒரு வீடியோ உண்மையானதுதான் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பத்து எடுத்துக்காட்டுகளுக்குப் பதில் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன்.

2018 ஜூலையில் ஒரு வீடியோ சமூக ஊடகங்களில் பரவியது. ராணுவ உடையில் இருக்கும் சிலர் இரண்டு பெண்களை ஒரு மண்பாதையில் நடத்திக் கூட்டிப்போகிறார்கள். ஒரு பெண்ணின் முதுகில் கைக்குழந்தை. இன்னொரு பெண்ணோடு ஒரு சிறுமி. கண்ணைக் கட்டி, நான்கு பேரையும் சுட்டுக் கொல்கிறார்கள். ஆப்பிரிக்காவில் உள்ள கேமரூன் நாட்டில் நடந்தது என்று பேச்சு எழுந்தது. அந்த நாட்டு அரசு, இது பொய், இவர்கள் எங்கள் படையினர் இல்லை என்று மறுத்தது.

பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு இதைக் கையில் எடுத்தது. வீடியோவின் முதல் 40 நொடிகளில், நடந்துபோகிறவர்களுக்குப் பின்னால் ஒரு மலைத்தொடர் தெரிகிறது. பார்க்கிற நம் கண் அந்தக் குழந்தையை விட்டு நகராது. அவர்கள் மலையைப் பார்த்தார்கள். அதன் முகடு ஏறி இறங்கும் கோட்டை அப்படியே எடுத்து, கூகுள் எர்த்தில் தெரியும் மலைகளோடு ஒப்பிட்டுக்கொண்டே போனார்கள். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் கேமரூனைச் சேர்ந்த ஒருவர், ஜெலெவெட் என்ற ஊர்ப் பக்கம் பாருங்கள் என்று துப்புக் கொடுத்தார். நைஜீரிய எல்லையை ஒட்டிய ஊர் அது. அங்கே கோடு அச்சாகப் பொருந்தியது.

சரி, இடம் தெரிந்துவிட்டது. எப்போது நடந்தது? அந்த இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களை வரிசையாக வைத்துக்கொண்டு, வீடியோவில் தெரியும் கட்டடங்கள் எந்த மாதத்துப் படத்தில் இருக்கின்றன, எதில் இல்லை என்று பார்த்தார்கள். அந்த மண்பாதையோ ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் மட்டும்தான் படங்களில் தெரிந்தது. மிச்சத்தை நிழல் சொன்னது. நடந்துபோகும் சிப்பாயின் உடம்பு சூரியக் கடிகாரத்தின் முள் மாதிரி தரையில் நிழலை வீழ்த்துகிறது. அந்த நிழலின் நீளமும் கோணமும் வைத்துக் கணக்குப் போட்டதில், 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடைப்பட்ட நாள் என்று வந்தது. ஒருவர் கையில் இருந்த துப்பாக்கி செர்பியாவில் தயாரான ஜஸ்தாவா எம்21. சஹாராவுக்குத் தெற்கே அரிதாகக் காணப்படும் அது கேமரூன் ராணுவத்தின் சில பிரிவுகளில் உண்டு.

பல பேர் அந்த வீடியோவைத் துருவத் தொடங்கியிருந்த நிலையில், ஆகஸ்டிலேயே அரசு பேச்சை மாற்றி 7 படையினரைப் பிடித்து வைத்திருப்பதாக அறிவித்தது. பிபிசி படம் செப்டம்பரில் வெளியானது. 2020இல் ராணுவ நீதிமன்றம் நான்கு பேருக்குத் தலா 10 ஆண்டுச் சிறையும், இன்னொருவருக்கு 2 ஆண்டும் விதித்தது.

இதில் ரகசிய ஆவணமோ உளவாளியோ பெரிதாக எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மலை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. இப்படித் துப்புத் துலக்கும் முறைக்கு இப்போது வரையறுத்த நெறிகளே வந்துவிட்டன. ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையமும் சேர்ந்து 2020இல் 'பெர்க்லி நெறிமுறை' என்று ஒன்றை வெளியிட்டன.

வீடியோவே இல்லாத இடத்தில் என்ன செய்வார்கள்?

சிரியாவின் செய்ட்னாயா சிறையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எந்தக் கேமராவும் போகவில்லை. அங்கிருந்து உயிரோடு வந்தவர்களும் பெரும்பாலும் கண் கட்டப்பட்டே இருந்தவர்கள். காவலர் வரும்போது கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஆகவே அவர்களுக்கு அந்தக் கட்டடத்தைக் காதால் மட்டும்தான் தெரியும். 2016இல் அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பும், லண்டனில் இருந்து இயங்கும் ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சர் என்ற குழுவும் அவர்களை உட்காரவைத்து ஒலிகளைப் போட்டுக் காட்டின. கதவு மூடும் சத்தம் இதுவா, இன்னும் கனமானதா? எதிரொலி இவ்வளவு நீண்டதா? நீங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்ட கிசுகிசுப்பு எவ்வளவு தாழ்ந்தது? இந்தப் பதில்களிலிருந்து நடைபாதைகளையும் அறைகளையும் கணினியில் கட்டியெழுப்பினார்கள். 2024 டிசம்பரில் சிரிய அதிபர் அசாத்தின் ஆட்சி விழுந்தபோதுதான் அந்தக் கதவுகள் திறந்தன.

கம்போடிய இயக்குநர் ரித்தி பான் வேறொரு வழியைப் பிடித்தார். கெமர் ரூஜ் ஆட்சியில் ஆயிரக்கணக்கானவர்கள் சித்திரவதை செய்யப்பட்ட எஸ்-21 சிறைக்கு, அங்கே முன்பு காவல் வேலை பார்த்தவர்களையே திரும்பக் கூட்டிப்போனார். 2003இல் வந்த அந்தப் படத்தில் ஒரு காவலர் வெற்று அறைக்குள் நுழைந்து, இல்லாத பூட்டைத் திறந்து, இல்லாத கைதிகளை அதட்டுகிறார். ஒவ்வொருவரையும் சோதித்துவிட்டு, வெளியே வந்து பூட்டுகிறார். கால் நூற்றாண்டு கழிந்தும் கை மறக்கவில்லை. பேட்டியில் எத்தனை கேள்வி கேட்டிருந்தாலும் இது வந்திருக்காது.

கொலை செய்தவர்கள் ஏன் கேமரா முன்னால் பேசுகிறார்கள்?

பெரும்பாலும், அவர்கள் தோற்கவில்லை என்பதால்.

இந்தோனேசியாவில் 1965-66இல் கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தப்பட்ட குறைந்தது 5 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் பிறகு பதவியிலும் செல்வாக்கிலும் இருந்தார்கள். ஜோஷுவா ஓப்பன்ஹைமர் என்ற இயக்குநர் முதலில் உயிர்பிழைத்தவர்களைத்தான் படமெடுக்கப் போனார். அவர்கள் பேச விடப்படவில்லை. கொன்றவர்களைக் கேட்டபோதோ பெருமையாகச் சொன்னார்கள், நடித்தும் காட்டினார்கள். 2012இல் வெளியான அந்தப் படம் உலகம் முழுக்க அதிர்ச்சியை உண்டாக்கியது.

எனக்கு 2014இல் வந்த அவருடைய அடுத்த படம்தான் இன்னும் நெருக்கமானது. அதில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுத்தரும் கண்ணாடிக்காரர் ஒருவர் வருகிறார். அண்ணன் கொல்லப்பட்ட பிறகு பிறந்தவர். கொலையாளிகளின் வீட்டுக்குப் போய், கண் பரிசோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிவிட்டு, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றுகிறார். இப்போது தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே மெதுவாக அந்த நாட்களைப் பற்றியும் விசாரிக்கிறார். சட்டத்தை மாட்டியிருப்பதால் எதிரில் இருப்பவர் சட்டென்று எழுந்து போகவும் முடியாது. அந்த அறையில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. நான் பார்த்த விசாரணைகளிலேயே மிகக் கடுமையானது அதுதான்.

ஒளித்துவைத்த கேமராவில் எடுப்பது நியாயமா?

அதிகாரத்தில் இருப்பவரிடம், வேறு வழியே இல்லாதபோது, நியாயம் என்பது என் கருத்து. பாதிக்கப்பட்டவரிடம் ஒருபோதும் இல்லை.

நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்ததைப் பற்றி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் 'ஷோவா' படத்துக்காக, கிளோத் லான்ஸ்மன் முன்னாள் நாஜிகள் சிலரை ஒளித்துவைத்த கேமராவில் எடுத்தார். ட்ரெப்ளிங்கா கொலை முகாமில் காவலராக இருந்த ஒருவரிடம் உங்கள் பெயரை வெளியிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, படத்தில் பெயரையே போட்டார். இன்னொரு வீட்டில் கேமரா இருப்பது தெரிந்துபோய் அடிவாங்கி மருத்துவமனையில் கிடந்தார். பொய் சொன்னது தவறுதானே என்று ஒவ்வொரு திரையிடலிலும் யாராவது கேட்பார்கள். தவறுதான். ஆனால் அந்த முகாம் எப்படி இயங்கியது என்று அங்கே வேலை பார்த்தவன் வாயாலேயே சொன்ன சாட்சியம் அதனால்தான் நம்மிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தேதான் சுமக்க வேண்டியிருக்கிறது.

கேமராவை ஒளிக்காமலே இதைச் செய்தவரும் உண்டு. ரஷ்ய இயக்குநர் விட்டாலி மான்ஸ்கி அரசு அனுமதியோடு வட கொரியாவில் ஒரு குடும்பத்தைப் படமெடுத்தார். கூடவே இருந்த அதிகாரிகள் ஒவ்வொரு காட்சியிலும் எப்படிச் சிரிக்க வேண்டும், என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவர் காட்சி தொடங்குவதற்கு முன்னாலும் முடிந்த பின்னாலும் கேமராவை நிறுத்தாமல் விட்டுவிட்டார். அந்தச் சொல்லிக்கொடுப்புதான் படம்.

படத்தில் வருகிறவர்களுக்கு அப்புறம் என்ன ஆகும்?

இயக்குநர் விமானம் ஏறிவிடுவார். பேசியவர் அதே தெருவில் இருப்பார். இந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

மேலே சொன்ன கண்ணாடிக்காரர் படம் வெளியாவதற்கு முன் குடும்பத்தோடு வேறு பகுதிக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. அதே இயக்குநரின் 2012 படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது பாருங்கள்: உதவி இயக்கம், ஒலி, ஒப்பனை, வாகனம் என்று வரிசையாக 'பெயர் வெளியிடப்படாதவர்' என்றே வந்துகொண்டிருக்கும். உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் பெயரை மறைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். இங்கே மட்டும் நான் திரையிடலை நிறுத்தாமல் கடைசி எழுத்து வரை ஓடவிடுவேன்.

சிலி நாட்டில் 1973இல் ராணுவப் புரட்சி நடக்கும் வரை பத்ரீசியோ குஸ்மானின் குழு தெருவில் நின்று படமெடுத்தது. சுருள்கள் ஸ்வீடன் தூதரகம் வழியாக நாட்டைவிட்டுக் கடத்தப்பட்டன. கேமராமேன் ஹோர்ஹே முல்லர் மட்டும் தப்பவில்லை. 1974 நவம்பரில் ரகசியப் போலீஸ் அவரைப் பிடித்துப்போனது. இன்றுவரை காணாமல் ஆக்கப்பட்டவர் பட்டியலில்தான் இருக்கிறார்.

பாதுகாக்கும் முறைகள் இப்போது முன்னேறியிருக்கின்றன. முகத்தை மங்கலாக்கினால் கண்ணில் தெரியும் பயமும் சேர்ந்து மங்கிப்போகும். ரஷ்யாவின் செச்னியா பகுதியில் ஒருபாலீர்ப்பாளர்கள் வேட்டையாடப்பட்டதைப் பற்றி 2020இல் வந்த படத்தில், தப்பி ஓடுகிறவர்களின் முகத்தின் மேல் வேறு 22 பேர் மனமுவந்து கொடுத்த முகங்களைக் கணினியில் பொருத்தினார்கள். உதடு துடிப்பதும் கண் கலங்குவதும் அப்படியே இருக்கும், ஆளை மட்டும் அடையாளம் தெரியாது.

பாதிக்கப்பட்டவர்களை மறுபடி மறுபடி சொல்லவைப்பது கொடுமை இல்லையா?

ஆம், பல சமயம் கொடுமைதான். ஐ.எஸ். பயங்கரவாதிகளின் பிடியிலிருந்து தப்பிய, ஈராக்கின் யாஜிதிச் சிறுபான்மையைச் சேர்ந்த நாடியா முராத், நோபல் பரிசு பெறுவதற்கு முன்பே எண்ணற்ற பேட்டிகளில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது: உன்னை என்ன செய்தார்கள்? அவருடைய பெயரிலேயே 2022இல் ஒரு நடத்தை நெறி வந்திருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் தகவல் கேட்பவர்களுக்கானது. கேட்டே ஆக வேண்டுமா, ஏற்கெனவே யாராவது கேட்டுப் பதிந்திருக்கிறார்களா என்று முதலில் பார், பேசுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு என்பதே அதன் சாரம்.

என்னைக் கேட்டால் சம்மதத்தை இரண்டு முறை வாங்க வேண்டும். படமெடுக்கும்போது ஒரு முறை, எடிட் செய்து முடித்துப் போட்டுக் காட்டியபின் இன்னொரு முறை. இரண்டாவது முறை வேண்டாம் என்று சொன்னால் எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் எடுத்துவிட வேண்டும்.

இந்தப் படங்களால் ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. ஆனால் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எதிர்பார்க்கும் வேகத்தில் இல்லை. எதிர்பார்த்த வழியிலும் இல்லை.

குவாத்தமாலா கதையைச் சொல்கிறேன். 1982இல் பமேலா யேட்ஸ் என்ற இளம் அமெரிக்க இயக்குநர், அப்போதைய ராணுவ ஆட்சியாளர் ரியோஸ் மோந்த்தைப் பேட்டி எடுத்தார். மலைப்பகுதிகளில் மாயா மக்கள் கிராமம் கிராமமாகக் கொல்லப்பட்ட காலம். அது பற்றிக் கேட்டபோது தளபதி கொஞ்சம் கர்வத்தோடு, ராணுவத்தை என்னால் கட்டுப்படுத்த முடியாவிட்டால் நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னார். படம் வந்தது, போனது. வெட்டி ஒதுக்கிய சுருள்கள் கிடங்கில் கிடந்தன.

இருபது ஆண்டுக்கு மேல் கழிந்து இனப்படுகொலை வழக்குக்கு ஆதாரம் தேடிய வழக்கறிஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் பழைய சுருள்களை மறுபடி போட்டுப் பார்த்தார். அந்த ஒரு வாக்கியம் இப்போது வேறு பொருள் தந்தது. படை என் கட்டுப்பாட்டில் இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார் அல்லவா? 2013இல் அந்தப் பேட்டி நீதிமன்றத்தில் போட்டுக் காட்டப்பட்டது. மே 10 அன்று 80 ஆண்டுச் சிறை. இஷில் மாயா மக்கள் 1,771 பேரைக் கொன்ற குற்றத்துக்காக. பத்தே நாளில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணை முடியுமுன் 2018இல் அவர் இறந்துபோனார்.

இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? அந்த நீதிமன்றத்தில் இஷில் பெண்கள் நேரில் வந்து, தங்களை அழிக்க நினைத்தவரை எதிரில் உட்காரவைத்துச் சாட்சி சொன்னார்கள். ரத்தானது தீர்ப்பு. சொன்ன சாட்சியம் பதிவில் இருக்கிறது.

இலங்கை விஷயத்தில் பலருக்கும் இந்த வலி தெரியும். 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4, கண் கட்டப்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சியை ஒளிபரப்பியது. போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் நியமித்த மூன்று வல்லுநர்கள் ஆராய்ந்து, உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார்கள். 2011இல் முழு ஆவணப்படம் வந்தது. ஜெனீவாவில் திரையிடப்பட்டது. தீர்மானங்கள் வந்தன, 2021இல் ஆதாரங்களைச் சேகரித்துக் காக்க ஐ.நா.வில் ஒரு தனிப் பிரிவே உருவானது. அந்தக் காட்சியில் இருக்கும் கொலைகளுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. நடக்கவேயில்லை என்று சொல்வதுதான் கடினமாகியிருக்கிறது. இது போதாது என்று கோபப்படுகிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. எனக்கும் போதவில்லை.

இந்தோனேசியாவில் 2023 ஜனவரியில் அதிபர் ஜோக்கோ விடோடோ 1965 படுகொலைகள் உள்ளிட்ட 12 கொடிய மீறல்கள் நடந்ததை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அதற்குப் பின்னால் ஐம்பது ஆண்டுப் போராட்டம் இருக்கிறது, ஓப்பன்ஹைமரின் படத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

தடை செய்துவிட்டால்?

தடை பல வடிவில் வரும். நாஜி முகாம்களைப் பற்றி 1956இல் பிரான்சில் வெளியான ஒரு படத்தில், யூதர்களை அடைத்த முகாமைப் பிரெஞ்சுப் போலீஸ்காரர் ஒருவர் காவல் காக்கும் புகைப்படம் வந்தது. தொப்பியைப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர் என்று தெரிந்துவிடும். சென்சார் சம்மதிக்கவில்லை. தொப்பியின் மேல் ஒரு உத்தரம் போல வரைந்து மறைத்த பிறகுதான் படம் வெளியே வந்தது. அத்தனை கொடுமைகள் வரும் படத்தில் ஒரு தொப்பியைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், எது சுட்டது என்று புரிகிறது அல்லவா.

திரையிடுகிறவர்களும் மாட்டிக்கொள்வார்கள். இலங்கைப் போர் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' படத்தை 2013இல் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக லீனா ஹென்ட்ரி என்ற மனித உரிமைச் செயல்பாட்டாளர் மீது வழக்குப் போடப்பட்டது. நான்கு ஆண்டு அலைந்து, கடைசியில் 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் கட்ட உத்தரவானது. சென்சார் அனுமதி இல்லாமல் காட்டியதுதான் குற்றம்.

இவையெல்லாம் ஒரு பக்கச் சார்பு இல்லையா?

சார்பு இருக்கும். கொல்லப்பட்டவர் பக்கம் நிற்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. தவறான தகவலும் அரைகுறைத் தகவலும்தான் குறை.

'கோனி 2012' நினைவிருக்கும். உகாண்டாவில் குழந்தைகளைக் கடத்திப் போராளிகளாக்கிய ஜோசப் கோனியைப் பற்றிய அரை மணி நேரப் படம். ஆறு நாளில் 10 கோடிப் பார்வைகள். ஆனால் கோனி பல ஆண்டுகளுக்கு முன்பே உகாண்டாவை விட்டுப் போயிருந்தான். படத்தைப் பார்த்தவருக்கு அங்கே இன்னும் போர் நடப்பது போலத் தோன்றும். அவனால் நாசமான லீரா ஊரிலேயே திரையிட்டபோது, பார்க்க வந்த மக்கள் கொதித்துப்போய்க் கல்லெறிந்தார்கள். யாருடைய துயரமோ அவர்கள் படத்தில் குறைவாகவே வந்தார்கள், அமெரிக்க இயக்குநரும் அவர் மகனும்தான் முன்னால் நின்றார்கள். ஒரு படம் நேர்மையானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: அந்த ஊர்க்காரர்கள் நடுவில் உட்கார்ந்து இதைப் போட்டுக் காட்ட முடியுமா?

மறு உருவாக்கக் காட்சிகளைப் பற்றியும் கேட்பார்கள். தப்பில்லை, எது அசல், எது நடித்தது என்று அந்தக் காட்சியிலேயே தெரிய வேண்டும். 2007இல் பர்மாவில் பிக்குகள் நடத்திய போராட்டத்தை ரகசியக் கேமராக்காரர்கள் பதிந்ததைச் சொல்லும் படம் அருமையானது. தொடக்கத்தில் ஒரு வரி அறிவிப்புப் போட்டுவிட்டு, உள்ளே இரண்டையும் கலந்துவிட்டார்கள். அசலாக உயிரைக் கொடுத்து எடுத்த காட்சிகளின் மேலும் சந்தேகம் விழ அது இடம் கொடுத்துவிட்டது.

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு எதை நம்புவது?

போலி வீடியோவைவிட, உண்மையான வீடியோவையே செயற்கை நுண்ணறிவு செய்தது என்று தட்டிக்கழிப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. மேலே சொன்ன மலை, நிழல், துப்பாக்கி முறைதான் இதற்கும் மருந்து. தனி ஒரு வீடியோவை நம்பாதீர்கள், வேறு எதோடு அது ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

பார்த்தால் தூக்கம் வருவதில்லை. பார்த்துத்தான் ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. இந்தக் காட்சிகளை நாள் முழுக்கப் பார்த்து ஆராய்கிறவர்களே ஒலியை அடைத்துவிடுவார்கள், திரையைச் சின்னதாக்கிக்கொள்வார்கள், கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்வார்கள். படுக்கப்போகுமுன் பார்ப்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யலாம். தனியாகப் பார்க்காதீர்கள். நடுவில் எழுந்து போகிறவரை நான் ஒருபோதும் கோழை என்று நினைத்ததில்லை.

யூடியூபில் பார்த்த வீடியோக்கள் இப்போது காணவில்லையே?

2017இல் யூடியூப் தீவிரவாதப் பதிவுகளை நீக்கத் தானியங்கி முறையைக் கொண்டுவந்தபோது, சிரியப் போரில் மக்கள் பதிந்த லட்சக்கணக்கான வீடியோக்களும் சேர்ந்து போயின. இயந்திரத்துக்குக் கொலைகாரன் போட்ட வீடியோவும் சாட்சி போட்ட வீடியோவும் ஒன்றுதான். சிரியன் ஆர்க்கைவ் என்ற குழு பிரதியெடுத்து வைத்திருந்ததாலும், மன்றாடியதாலும் பலவற்றைக் காப்பாற்ற முடிந்தது. அதே ஆண்டு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் லிபியத் தளபதி ஒருவருக்குப் பிடியாணை போட்டது, பெருமளவு சமூக ஊடகத்தில் வந்த வீடியோக்களை வைத்துத்தான். அழிந்தவற்றில் அப்படி எத்தனை இருந்ததோ.

என் போனில் ஒரு வீடியோ இருக்கிறது. என்ன செய்வது?

முதலில், உடனே பொதுவெளியில் போடாதீர்கள். அதில் தெரிகிற முகங்கள் யாருடையவை, போட்டால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். அசல் கோப்பை வெட்டாதீர்கள், பாட்டு சேர்க்காதீர்கள், பெயரைக்கூட மாற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், கோப்போடு சேர்ந்திருக்கும் நேர, இட விவரங்களும் போய்விடும். வேறொரு மெமரி கார்டில் பிரதி எடுத்து, அதை வேறு இடத்தில் வையுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எடுத்தது யார், யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். பிறகு நம்பகமான மனித உரிமை வழக்கறிஞரிடமோ அமைப்பிடமோ பேசுங்கள். எடுத்த இடமும் நேரமும் மாற்ற முடியாதபடி பதிவாகும் ஐவிட்னஸ் போன்ற செயலிகளும் இருக்கின்றன. அதில் எடுத்த புகைப்படங்கள் 2018இல் காங்கோவில் இரண்டு ஆயுதக்குழுத் தலைவர்களைத் தண்டிக்க உதவின.

மரியுபோலில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே உடலில் மாட்டிய கேமராவில் பதிந்துவந்த ஒரு மருத்துவப் பணியாளர், 256 ஜிபி காட்சிகளைச் சின்ன அட்டையில் போட்டு, நகரைவிட்டுக் கிளம்பும் செய்தியாளர்களிடம் கொடுத்தார். மாதவிடாய் டாம்பானுக்குள் வைத்து அதைச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவர் பிடிபட்டார். மூன்று மாதம் கழித்துத்தான் விடுதலை.

இனிமேல்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால், உங்கள் உயிருக்கு ஆபத்து இல்லை என்று உறுதியானால் மட்டும் எடுங்கள். ஒவ்வொரு காட்சியையும் பத்து நொடி அசையாமல் பிடியுங்கள். பேசாதீர்கள், சுற்றுப்புறச் சத்தம் பதியட்டும். அப்புறம் ஒரே ஒரு முறை கேமராவை மெதுவாகச் சுற்றி, பின்னால் இருக்கிற மலையோ, தண்ணீர்த் தொட்டியோ, கோபுரமோ, தரையில் விழும் நிழலோ உள்ளே வரும்படி செய்யுங்கள்.